ஆணையிட்டுச் சொன்ன சொல்

2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 24ஆம் நாள் முற்பகல் நான் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தேன். மத்ரஸாவில் எனக்கு அஸர் தொழுகைக்குப் பின்னர்தான் பாடம். கல்லூரிக்குச் செல்ல வேண்டிய என் மகளும் ஏதோ காரணம் சொல்லி வீட்டில் இருந்துவிட்டாள். அன்று பதினெட்டாவது மக்களவையின் முதல் கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டோர் உறுதிமொழி ஏற்கும் காட்சியை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். இத்தகைய காட்சிகளைக் கண்டால் எழுந்து போக மனம் வராது.

உங்களில் பலரும் அதைக் கண்டிருப்பீர்கள். ஆனால் பத்து நிமிடங்களில் அலுத்து வேறு பக்கம் திருப்பியும் இருப்பீர்கள். அது இயல்புதான். 543 இடங்கள் கொண்ட அவையில் ஒருவர் பின் ஒருவராக அதே வாசகத்தைச் சொல்வதற்கு இரண்டு நாட்கள் ஆயின. பெயர் அழைக்கப்படுகிறது. அழைக்கப்பட்டவர் எழுந்து வருகிறார். அவையின் மேசைக்கருகே நின்று, தலைமை இருக்கையை நோக்கி வாசகத்தைச் சொல்கிறார். தலைமையில் இருப்பவரின் கையைக் குலுக்குகிறார். இருக்கையின் பின்புறமாகச் சுற்றி மறுபக்கம் வந்து உறுப்பினர் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். பின்னரே தம் இடத்தில் அமர்கிறார். அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. கண்ணுக்கு விருந்து என்று சொல்ல ஒன்றுமில்லை.

அவைத்தலைவர் இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத நேரம் அது. ஆகவே இந்தச் சடங்கை நடத்துவதற்கென்றே ஓர் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அன்று அப்பொறுப்பை ஏற்றவர் ஒடிசாவின் கட்டாக் தொகுதியிலிருந்து வந்த பர்த்ருஹரி மஹ்தாப். காலையில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் சென்று முதலில் அவர் உறுதிமொழி ஏற்றார். பிறகு அவைக்கு வந்து மற்றவர்களுக்குச் செய்துவைத்தார். 2023இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு புதிய மக்களவை உறுதிமொழி ஏற்றது அதுவே முதல் முறை. எதிர்க்கட்சி வரிசையில் பலர் அரசமைப்புச் சட்டத்தின் பிரதியைக் கையில் பிடித்தவாறு வந்தார்கள். வேட்டியும் சேலையும் தலைப்பாகையும் தொப்பியுமாக, இந்தியாவின் எத்தனையோ மொழிகள் அந்த மேசையருகே ஒலித்தன. ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ சொல்லலாம் என்பது ஏற்பாடு. மறுநாள் நம் தமிழக உறுப்பினர்களின் முறை வந்தபோது தமிழ் ஒலிக்கக் கேட்டு என் மனைவியும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் என் மகள் கேட்டாள்: "வாப்பா, சிலர் கடவுள் பெயரைச் சொல்லி ஆணையிடுகிறார்கள். சிலர் 'உளமார' என்று மட்டும் சொல்கிறார்கள். இரண்டில் எது கனமானது?"

மார்க்கக் கல்வி கற்பிக்கும் தந்தையிடம் மகள் கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்கான விடையும் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தபோது நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்கு உரிய காரணத்தைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். அதற்குமுன் அவளுக்கு அன்று நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, இரு அவைகளின் ஒவ்வோர் உறுப்பினரும் தம் இருக்கையில் அமருமுன் உறுதிமொழி ஏற்று அதில் கையொப்பமிட வேண்டும் என்கிறது. வாசகம் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு சிறு கோட்டைக் காணலாம். கோட்டிற்கு மேலே கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன் எனும் பொருள்படும் சொற்கள். கீழே உளமார உறுதி கூறுகிறேன் எனும் பொருள்படும் சொற்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேலே இருப்பதால் ஒன்று உயர்ந்ததும் அன்று. கீழே இருப்பதால் மற்றது தாழ்ந்ததும் அன்று. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே எடை. இறைநம்பிக்கையாளரும் நம்பிக்கையற்றவரும் ஒரே மேசையருகே நின்று, அவரவர் மனசாட்சியைப் பிணிக்கக்கூடிய கயிற்றை அவரவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று அதை இயற்றிய பெரியோர் விட்டுவிட்டார்கள். திராவிட இயக்கத்தைச் சார்ந்தோர் பலர் இரண்டாவதையே விரும்பி எடுப்பதை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம்.

உறுதிமொழி ஏற்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ என்ன ஆகும் என்பதற்கும் 104ஆம் பிரிவில் விடை உண்டு: ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபாய் தண்டம். 1950இல் அது ஒரு பெருந்தொகையாக இருந்திருக்கும். இன்று ஒரு சராசரிக் குடும்பத்தின் இரண்டு நாள் சந்தைச் செலவு. தொகையை யாரும் உயர்த்தவில்லை.

நாம் இன்று கேட்கும் வாசகம் 1950இல் இருந்தபடியே இல்லை என்பதையும் அவளுக்குச் சொன்னேன். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற பகுதி 1963இல் பதினாறாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் தி.மு.கழகம் தனித் திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்தது. அறிஞர் அண்ணா மாநிலங்களவையில் இருந்தார். அதே 1963இல் கழகம் அக்கோரிக்கையைக் கைவிட்டது. தேர்தலில் நிற்கும் வேட்பாளரே உறுதிமொழி ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடும் அத்திருத்தத்தால் வந்ததுதான். வெற்றி பெற்றவர் இரண்டாம் முறையாக ஏற்பதையே நாம் தொலைக்காட்சியில் காண்கிறோம். தோற்றவர்களும் ஒருமுறை ஏற்றவர்களே.

திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து அச்சட்டம் உருவாவதைக் கண்டவர்கள். பின்னர் அதே சட்டத்தின்பால் பற்றுறுதி கூறி மாநிலங்களவையில் அமர்ந்தார்கள். கேரளத்து மஞ்சேரி தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். தாம் போய்ப் பேச வேண்டியதில்லை, அவர் சொன்ன சொல் போதும் என்று மக்கள் ஒருவரை நம்பிய காலம் அது. என் பாட்டனார் அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருப்பார்.

மகளுக்கு நம் நாட்டுக் கதையைவிட இங்கிலாந்துக் கதை அதிகம் பிடித்தது. லயனல் ரோத்ஸ்சைல்ட் என்ற யூதச் செல்வரை 1847இல் லண்டன் மாநகர வாக்காளர்கள் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காலத்து உறுதிமொழியின் இறுதியில், ஒரு கிறிஸ்தவனின் உண்மையான நம்பிக்கையின் மேல் என்ற பொருளில் சில சொற்கள் இருந்தன. ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய சொற்கள். அவர் சொல்ல மறுத்தார். மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மீண்டும் மீண்டும் வெளியே நின்றார். 1858இல் சட்டம் மாறிய பிறகே, தலையை மூடிக்கொண்டு, எபிரேய வேதத்தின் மீது ஆணையிட்டு உள்ளே அமர்ந்தார். பதினொரு ஆண்டுகள்! உள்ளே வந்த பிறகு அவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை என்று எழுதுகிறார்கள். அதனால் என்ன? சொல்லாத அந்தச் சில சொற்களே அவருடைய சொற்பொழிவு என்று நான் மகளிடம் கூறினேன்.

அடுத்தவர் சார்லஸ் பிராட்லா. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1880இல் நார்த்தாம்டன் தொகுதியில் வென்றார். இறைவன் பெயரை விடுத்து வெறும் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், அவை மறுத்தது. அப்படியானால் ஆணையே இடுகிறேன் என்றார். நம்பாதவன் இடும் ஆணை செல்லாது என்று அதையும் மறுத்தது. அவையின் கட்டளைக்குப் பணியாமல் நின்றவரை மணிக்கூண்டில் காவலில் வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். 1886இல்தான் அமர முடிந்தது. எவரும் இறைவன் பெயரின்றி உறுதி கூறலாம் என்ற சட்டத்தை 1888இல் அவரே நிறைவேற்றச் செய்தார். இந்தியாவின் குறைகளை அந்த அவையில் எடுத்துப் பேசியவர் என்பதால் 1889இல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்தபோது அவருக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. 1891இல் அவர் மறைந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் காந்தி அவருடைய இறுதி நிகழ்ச்சிக்குச் சென்றார். அவர் கொள்கை நம் கொள்கைக்கு நேர் எதிரானது. ஆயினும் நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்டிக்கொள்ள முதலில் கூசிய அந்த மனிதரிடம் எனக்கு மதிப்பு உண்டு.

அதே அவையில் 1997இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த முஹம்மது சர்வர் குர்ஆனின் மீது ஆணையிட்டு அமர்ந்தார். அமெரிக்காவில் கீத் எல்லிசன் என்ற முதல் முஸ்லிம் உறுப்பினர் 2007 ஜனவரியில் பொறுப்பேற்றபோது, அந்நாட்டின் மூன்றாம் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் வைத்திருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பை நூலகத்திலிருந்து வரவழைத்தார். ஜார்ஜ் சேல் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்தது. 1764இல் அச்சான இரண்டு பாகங்கள். அங்கே அவைக்குள் அனைவரும் கூட்டாகக் கையுயர்த்தி உறுதிமொழி ஏற்கிறார்கள். அப்போது நூல் எதுவும் வேண்டியதில்லை. நூலின் மேல் கை வைப்பது பிறகு நிழற்படத்திற்காக நடப்பது. அந்தப் படத்திற்கே எத்தனை எதிர்ப்பு, எத்தனை கூச்சல்!

நம் அவையிலும் கூச்சலுக்குக் குறைவில்லை. வாசகத்தின் முன்னும் பின்னும் தத்தமக்கு உகந்த முழக்கங்களைப் பலர் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாத் தரப்பிலும்தான். ஆணையோடு ஒட்டுப்போடுவதை நான் விரும்புவதில்லை. அடுத்த சில நாட்களிலேயே, வாசகத்திற்கு முன்னோ பின்னோ எதையும் சேர்க்கக் கூடாது என்று அவைத்தலைவரின் நெறிமுறையில் திருத்தம் செய்யப்பட்டது.

இவ்வளவும் சொன்னேன். மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை. அவளும் விடவில்லை. "எது கனமானது என்று கேட்டேனே வாப்பா?" என்றாள். லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

வாசகர்களே, இனி வருவதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

2008ஆம் ஆண்டு. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர் நோயுற்றுக் கிடந்தபோது, தம் ஒரே மகளுக்குப் பின்கட்டு வீட்டை ஹிபாவாகக் கொடுத்தார். 'இந்த வீட்டை உனக்குக் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லிச் சாவியை அவர் கையில் வைத்தார். அவரும் ஏற்றுக்கொண்டு வாங்கினார். வாய்மொழியாகச் செய்யும் ஹிபா, கொடுத்தலும் ஏற்றலும் கைவசம் ஒப்படைத்தலும் இருந்தால், ஷரீஅத்திலும் செல்லும். நம் நாட்டு நீதிமன்றத்திலும் செல்லும். அந்த அறையில் இரண்டு சாட்சிகள் இருந்தோம். ஒருவர் வயது முதிர்ந்த ஆலிம். பெரியவருக்கு முன்பே அவர் இறைவனிடம் சேர்ந்துவிட்டார். மற்றவன் நான்.

பெரியவர் மறைந்ததும் மூத்த மகன் ஹிபா நடக்கவே இல்லை என்றார். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. அந்த மூத்த மகன்தான் நான் பணிபுரியும் மத்ரஸாவின் நிர்வாகத் தலைவர். என் மகள் அப்போது கைக்குழந்தை. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்கு வீரம் வந்திருக்கும். வழக்கிற்கு முந்தைய நாள் அழைத்து, தேநீர் கொடுத்து, "ஹஜரத், பழைய சங்கதி, எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று சொல்ல முடியாதுதான்" என்றார். அவ்வளவே.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஊழியர் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி சாட்சிக்கும் இரண்டு வழிகள் உண்டு, அவையின் உறுப்பினருக்கு இருப்பதைப் போலவே. நான் மேலானது என்று கருதியதை எடுத்துக்கொண்டேன். அவர் கடவுள் என்று சொல்ல, நான் அல்லாஹ் என்றே சொன்னேன். உண்மையை, முழு உண்மையை, உண்மையைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன் என்றேன். வழக்கறிஞர் கேட்டார். 'நினைவில்லை' என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லையே, நினைவில்லை என்றுதானே சொன்னேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மாணவர்களுக்குச் சத்தியத்தின் சட்டங்களைப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்த வாதம் எத்தனை நாள் தாங்கும்? அல்லாஹ்வின் பெயரைத் தவிர வேறெதன் மீதும் சத்தியம் செய்யக் கூடாது என்பதை ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ வழங்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், எதற்கும் இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். தெரிந்தே இடும் பொய்ச் சத்தியத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் ஷாஃபி மத்ஹபில் அதற்கும் பரிகாரம் கடமை. ஹனபி மத்ஹபிலோ பரிகாரத்திற்கும் அடங்காத பெரும் பாவம் அது; தவ்பா ஒன்றே வழி. நான் பத்துப் பேருக்கு உணவளித்தேன். அது 2009இல். எதற்கான விருந்து என்று என் மனைவி கேட்டார், நேர்ச்சை என்றேன். பரிகாரத்திற்குள்ளும் ஒரு பொய்.

அடியானுடைய உரிமை அடியானிடமே தீர்க்கப்பட வேண்டும் என்ற பாடத்திற்கு வரும்போதெல்லாம் பக்கத்தைச் சற்று விரைவாகப் புரட்டிவிடுவேன். அந்த லாத்தா வழக்கில் தோற்று, வேறு தெருவில் வாடகை வீட்டிற்குப் போய்விட்டார். வழியில் கண்டால் முதலில் ஸலாம் சொல்வது அவராகவே இருக்கும்.

ஆகவேதான் மகளுக்கு விடை சொல்ல என் நா எழவில்லை. சில சொற்களைச் சொல்லாமல் ஒருவர் பதினொரு ஆண்டுகள் வெளியே நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவன், வேலைக்கு அஞ்சி ஒரு நொடியில் கடந்து போனவன் அல்லவா?

தொலைக்காட்சி பார்த்த மறுநாளே நான் போய்விட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அந்த வாடகை வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். வழக்கறிஞர் ஒருவரிடம் முன்பே விசாரித்திருந்தேன். நீதிமன்றத்தில் காலம் கடந்துவிட்டது என்றார். லாத்தா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"உங்களுக்கு நினைவிருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும் தம்பி. கூண்டிலிருந்து இறங்கும்போது என் பக்கம் பார்க்காமல் போனீர்களே" என்றார். சற்றுப் பொறுத்து, "இதைக் காக்காவிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"என்னிடம் சொல்லி என்ன பயன்? நான்தான் அந்த அறையிலேயே இருந்தேனே."

அன்றிரவு மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் நெடுநேரம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன் வைத்தாள். பெரியவரின் அறையில் நான் கண்டதையும் கேட்டதையும், சாவி கைமாறியதையும், நீதிமன்றத்தில் நான் சொன்னது பொய் என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டேன். ஜமாஅத்தார் இருவர் சாட்சிக் கையொப்பமிட்டார்கள். ஒரு பிரதி லாத்தாவிடம் இருக்கிறது. மற்றதைத் தலைவரின் வீட்டிற்கு நானே கொண்டு சென்றேன். அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இம்முறை தேநீர் வரவில்லை.

நிர்வாகக் குழுவின் கூட்டம் வரும் வியாழன் இஷாவுக்குப் பின் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். லாத்தாவும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.